மொட்டைமாடியில் மூன்று கிலோவாட்: தங்கச்சிமடத்தில் பதினெட்டு மாதம்

2024 ஜூன் மாதத்தில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கிய வாரத்தில், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரிய மின்சார அமைப்பு பொருத்தப்பட்டது. பதினெட்டு மாதம் அதைப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பொருத்திய மறுவாரம் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இரண்டுமே நியாயமான மதிப்பெண்ணாக இருந்திருக்காது. பொருத்தித் தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பவை அல்ல. பாம்பனிலும் மண்டபத்திலும் தேவிபட்டினம் பக்கத்திலும் பேனல் போட்டிருக்கும் உறவினர்கள் பலரிடம் இதே குறைகளைக் கேட்டிருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 550 வாட் பேனல் ஆறு, தெருக் கம்பி வழியாக வரும் மின் தொகுப்போடு (கிரிட்) இணைந்து மட்டுமே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டகம், எர்த் கம்பிகள், கூலி என எல்லாம் சேர்த்து 1,95,000 ரூபாய் ஆயிற்று. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தின்படி முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட் என்றால் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அந்தத் தொகை தாமதமில்லாமல் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஆகவே கையிலிருந்து போனது 1,17,000 ரூபாய். நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டுவதற்கு மட்டும் ஐந்து வாரம் காத்திருந்தோம். நிறுவனத்தின் ஆள் விண்ணப்பத்தில் எங்கள் மின் இணைப்பின் அனுமதிச் சுமையைத் தவறாக எழுதியிருந்ததே அதற்குக் காரணம். அவர் அதை ஒப்புக்கொண்டு திருத்திக் கொடுத்தார்.

பேனல் வருவதற்கு முன்பு, அம்மாவின் அறையில் ஏ.சி. ஓடும் மாதங்களில், இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வரை ஆகிவிடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு அட்டவணை வந்துவிடும் என்பது வீடு நடத்தும் எல்லோருக்கும் தெரியும். 2,900 ரூபாய் அளவுக்குக் கட்டி வந்தோம். இப்போது 300, 400 ரூபாயோடு முடிகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நல்ல வெயில் நாளில் 15 யூனிட் வரை உற்பத்தியாகிறது. வாடைக்காற்றோடு மழை பெய்யும் நவம்பரில் 3 யூனிட்டுக்குக் கீழே இறங்கிய நாட்களும் உண்டு. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 11, 12 யூனிட். போட்ட பணம் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் திரும்பிவிடும். பணத்தை மட்டுமே பார்ப்பவருக்கு இந்த மதிப்புரை இத்தோடு முடிந்தது, தாராளமாக வாங்கலாம்.

ஆனால் என்னிடம் இதை விற்க வந்தவர் பணத்தை மட்டும் சொல்லி விற்கவில்லை. “இனிமே உங்க வீட்டுக்குக் கரண்ட் கவலையே இல்லை, டீச்சர்” என்று சொல்லித்தான் விற்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் நானும் கையெழுத்திட்டேன்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எங்கள் ஊரிலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டியது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மின்சாரத்தை நிறுத்தி வைப்பதுதான் முறை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மழை விட்ட பிறகு, காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. மாடியில் ஆறு பேனலும் அந்த வெயிலில் பளபளத்துக் கொண்டிருந்தன. கீழே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் அம்மாவின் இன்சுலின் இருந்தது. அண்ணன் தன் படகின் ஐஸ் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஐஸ் எடுத்து வந்தார்; இன்சுலின் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பனிக்கட்டிக்கும் குப்பிக்கும் நடுவில் மூன்று மடிப்புத் துண்டு வைத்துச் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, “கிரிட் இல்லைன்னா இது ஓடாது டீச்சர், அது அப்படித்தான்” என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

தொழில்நுட்ப ரீதியில் அவர் சொன்னது சரி. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தெருக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அது நின்றவுடன் தானும் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிருக்கு நம் வீட்டு மாடியிலிருந்தே ஆபத்து போகும். எனவே இது குறைபாடு அல்ல, பாதுகாப்பு. ஆனால் வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் “கரண்ட் கவலையே இல்லை” என்று சொல்வது பெரிய குறை. சேவைக்கு நான் மதிப்பெண் குறைப்பதற்கு முதல் காரணம் இதுவே.

அந்த வாரத்தில் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பள்ளிச் சீருடை தைத்துத் தருபவர். 2022-இல் இலங்கையின் மன்னார்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கடல் கடந்து வந்தவர். சிவப்பு விளக்கையும் ஐஸ் பெட்டியையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. “கரண்ட் போறது பெரிய விசயமில்லை பிள்ளை. எப்ப வரும் எண்டு சொல்ல ஆளில்லாமல் போச்சுது பாருங்கோ, அதுக்குப் பிறகுதான் நாங்கள் படகு ஏற யோசிச்சது.”

அவர் சொன்ன நாட்களைச் செய்திகளில் படித்திருக்கிறேன். அவர் வாயால் கேட்டபோதுதான் அவை புரிந்தன. அந்நியச் செலாவணி தீர்ந்துபோனதால் இலங்கை அரசால் எரிபொருள் கப்பல்களுக்குப் பணம் கட்ட முடியவில்லை. அனல்மின் நிலையங்களுக்கு டீசல் இல்லை; நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைந்திருந்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போயிற்று. மார்ச் 31 இரவு மிரிகானவில் ஜனாதிபதியின் இல்லத்துக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசு அறிவித்தது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். ஜூலை 14 அன்று கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். ஓர் அரசின் வீழ்ச்சியை எத்தனையோ காரணங்களால் விளக்கலாம். ஆனால் அந்த அக்கா சொல்வது மண்ணெண்ணெய்க் கதை. சிறு படகுக்காரர்கள் மண்ணெண்ணெயில்தான் இயந்திரம் ஓட்டுகிறார்கள். மாதக்கணக்கில் அது கிடைக்கவில்லை. கிடைத்தபோது, 2022 ஆகஸ்டில், லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. அதற்கு முன்பே, மார்ச் 22 அன்று, முதல் குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டுக்கு வந்து இறங்கிவிட்டன. எங்கள் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு எரிசக்தி நெருக்கடி என்பது கைக்குழந்தையோடு மணலில் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் முகம்.

அன்றிலிருந்து இந்த அமைப்பை நான் வேறு அளவுகோலால் அளக்கத் தொடங்கினேன். எத்தனை யூனிட் உற்பத்தி செய்கிறது என்பது ஒரு கேள்வி. தெருவில் மின்சாரம் போன பிறகு, வீட்டுக்கு மிக அவசியமான நான்கு பொருட்களை எத்தனை மணி நேரம் ஓட்டும் என்பது வேறு கேள்வி. மின்கட்டணம் முதல் கேள்விக்கான விடை. பாதுகாப்பு இரண்டாவதற்கான விடை. விற்பவர்கள் முதல் விடையைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்கிறார்கள்.

2025 ஜனவரியில் அதே நிறுவனத்தைக் கொண்டே இன்வெர்ட்டரை மாற்றினேன். மின்கலத்தோடும் தொகுப்போடும் சேர்ந்து ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்றும், 5 யூனிட் சேமிக்கும் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி ஒன்றும் வைத்தார்கள். பழைய இன்வெர்ட்டருக்கு 15,000 ரூபாய் கழித்துக்கொண்டு 1,65,000 ரூபாய் வாங்கினார்கள். முதலிலேயே இதைக் கேட்டு வாங்கியிருந்தால் கணிசமாகக் குறைந்திருக்கும். இந்தச் செலவு கட்டணச் சேமிப்பால் திரும்பி வராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காப்பீட்டுக்குக் கட்டுவது போன்ற பணம் இது. வீட்டின் மின்சுற்றை இரண்டாகப் பிரித்து, குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, கைப்பேசிக்கான பிளக் ஆகியவற்றை மட்டும் பேட்டரிச் சுற்றில் சேர்த்தோம். ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் அதில் இல்லை. வேலையைச் செய்த இளைஞர் இரண்டு நாள் பொறுமையாக ஒவ்வொரு ஒயரையும் தேடிப் பிரித்துக் கொடுத்தார். அவருடைய வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மாற்றிய அடுத்த மாதமே அந்த முடிவு சரியென்று கடலுக்கு அப்பாலிருந்து ஒரு சான்று வந்தது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே இருளுமா என்று கேட்டால், அன்று நல்ல வெயில், விடுமுறை நாள் என்பதால் மின்தேவை குறைவு, தொகுப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், அதிர்ச்சியைத் தாங்கிப்பிடிக்கும், பெரிய மின் நிலையங்களின் கனமான சுழலிகள் குறைவு என்பதே விடை. தொகுப்பு தடுமாறியவுடன் கூரைகளில் இருந்த இன்வெர்ட்டர்களும் தங்கள் இயல்புப்படி விலகிக்கொள்ளும், தடுமாற்றம் பெரிதாகும். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் கூரை சூரிய அமைப்புகளை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. பாகிஸ்தானும் 2024-இல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் பேனல்களைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்தது. கட்டண உயர்வையும் மின்வெட்டையும் தாங்க முடியாமல் மக்களே தேடிக்கொண்ட வழி அது. பேனல் பெருகும் அளவுக்குச் சேமிப்பும் பெருகாவிட்டால் வெயில் நாளே தொகுப்புக்குச் சுமையாகிவிடும். நம் தெருக்களிலும் பேனல்கள் பெருகி வருகின்றன. பேட்டரி பற்றி விற்பனையாளர்கள் வாய் திறப்பதே இல்லை.

இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பேனலின் பின்பக்கத்தில் அதற்கான முத்திரை இருக்கிறது. 2020-இல் இந்திய-சீன எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சீனப் பொருட்கள் மீதான கெடுபிடி கூடியது. 2022 ஏப்ரலிலிருந்து இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்கவரி விதிக்கப்பட்டது. ஆனால் செல்லுக்கும் முந்தைய நிலையான சிலிக்கான் தகட்டில் சீனாவின் பிடி தளரவில்லை. சூரியப் பேனல் தயாரிப்பின் எல்லா நிலைகளிலும் உலகின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்டது. என் வீட்டு பேட்டரியின் செல்களும் சீனாவில் தயாரானவை என்று அதன் ஒட்டுச்சீட்டே சொல்கிறது. இதனால் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலியத்தை நம்பினால் ஒவ்வொரு நாளும் கப்பல் வர வேண்டும். பேனலை நம்பினால் இருபது ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். இரண்டும் அயலாரைச் சார்ந்திருப்பதுதான், ஆனாலும் இரண்டாவதில் மூச்சு விட அவகாசம் இருக்கிறது.

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையின் நெடுந்தீவு இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை, பேட்டரி மூன்றையும் சேர்த்து மின்சாரம் தரும் திட்டம் ஒன்றை, 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு இலங்கை ஒதுக்கியது. தன் கரைக்கு இவ்வளவு அருகில் சீன நிறுவனம் வேலை செய்வதை இந்தியா விரும்பவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியா தன் மானியத்தில் அதைச் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டது, 1.1 கோடி டாலர் மானியத்தில் அமையும் அந்த வேலைக்கு, 2024 மார்ச்சில்தான் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு கையெழுத்தானது. அளவில் பெரிதாக இருக்கலாம்; பொருளால் என் வீட்டு மாடியில் இருப்பதும் அதுவும் ஒன்றுதான்: பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி. அதற்காக இரண்டு பெரிய நாடுகள் மூன்று ஆண்டு மல்லுக்கட்டின. அந்த மூன்று ஆண்டும் தீவுக்காரர்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பிக் காத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னார் மக்களின் எதிர்ப்பும் கட்டண மறுபேச்சும் அதற்குப் பின்னால் இருந்தன. இரு நாட்டு மின் தொகுப்புகளை இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் கையெழுத்தாயிற்று. மறுநாள் பிரதமர் மோடி இலங்கையின் அனுராதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்து வைத்தார். பாலம் திறந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. அந்த மின் இணைப்பைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசக் கேட்கவில்லை. எங்கள் கடலைக் கடந்துதான் அது போக வேண்டும் என்பதால், பேச வேண்டியவர்கள் நாங்கள்தான்.

எல்லை தாண்டிய கம்பி நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே வாசலை நம்பியிருப்பதுதான் தவறு. வங்கதேசத்துக்காகவே ஜார்க்கண்டின் கோட்டாவில் 1,600 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று அமைந்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று அந்நாட்டுப் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. நிலுவைத் தொகை காரணமாக அந்த ஆண்டு நவம்பரில் மின் வழங்கல் பாதியாகக் குறைக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் இந்திய எல்லையில் லாரிகள் நின்றுபோனபோது நேபாளத்தில் மாதக்கணக்கில் சமையல் வாயு இல்லை. வீட்டுக்கு வீடு மின் அடுப்பு வாங்கத் தொடங்கியது அந்தக் குளிர்காலத்தில்தான்.

எங்கள் வீட்டு மின் அடுப்புக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22 அன்று ஹோர்முஸ் நீரிணையை மூடுவதற்கு ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடந்து போகும் குறுகிய வழி அது. இந்தியா எரிக்கும் சமையல் வாயுவில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறது. தடைக்காலம் முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்த நிலையில் அண்ணன், வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் படகுக்கு டீசல் விலை என்ன ஆகுமோ என்று இரவெல்லாம் செய்தி பார்த்தார். மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கப்பட்டாலும் அடிப்படை விலை ஏறினால் அதையும் தாங்க வேண்டியவர் அவர்தான். நீரிணை மூடப்படவில்லை; 24 அன்று போர் நின்றது. நான் மறுவாரம் இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கினேன். காலை பதினொரு மணிக்கு மேல் சோறும் குழம்பும் மாடியின் மின்சாரத்தில் ஆகின்றன. சிலிண்டர் முன்பு 40 நாள் வரும், இப்போது 75 நாள் வருகிறது. பேனல் வைத்திருப்பவர்கள் சமையலைப் பகலுக்கு மாற்றிக்கொள்வது பெரிய லாபம். இந்த யோசனையையும் நிறுவனம் சொல்லவில்லை. அண்ணனின் படகுக்கு மட்டும் என் மாடியில் எந்த விடையும் இல்லை.

இனி, கடற்கரைக்கே உரிய குறைகள். எங்கள் தீவில் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. எந்தக் காற்றடித்தாலும் உப்பைக் கொண்டு வரும். கச்சான் எனும் மேல்காற்றுக் காலத்தில் மணலும் சேர்ந்து வரும். முதல் கச்சானிலேயே பேனல்கள் மீது வெள்ளைப் படலம் படிந்து, உற்பத்தி நாளுக்கு இரண்டு யூனிட் குறைந்தது. கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் அதிலிருக்கும் உப்பு கண்ணாடியில் கறையாகப் படிகிறது. மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தோ காவிரிக் குடிநீரில் இரண்டு குடம் ஒதுக்கியோ, விடிவதற்குள் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடிக்கு ஆகாது. பக்கத்தில் கருவாடு காயும் வீடுகளுக்குக் காக்கை எச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை சட்டகம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தது. வந்ததோ மேலே மெல்லிய பூச்சு மட்டும் உள்ள குழாய். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பாதி மட்டுமே அப்படி. பதினொன்றாவது மாதத்தில் போல்ட் தலைகளில் துரு வடியத் தொடங்கியது. 25 ஆண்டு உழைக்கும் என்று உத்தரவாதம் கொடுக்கும் பேனலை ஐந்து ஆண்டில் அரித்துப்போகும் இரும்பில் நிறுத்தி வைப்பது எந்தவிதத்திலும் நியாயம் இல்லை. எர்த் கம்பியும் அப்படியே: மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்காது, ஆகவே குழி ஆழமாக வேண்டும், ஆழத்தை அளந்து காட்டும்படி கேட்டு, இன்னொரு முறை தோண்ட வைத்தேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையகத்தில் மண் சரிந்து ஊர்களே புதைந்தன. முகாம் அக்காவின் உறவினர்கள் இருந்த பகுதிக்குத் தொலைபேசி இணைப்பு கிடைக்காமல் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. எங்கள் கரையில் காற்றும் மழையும்தான். மின்சாரம் சுமார் 30 மணி நேரம் இல்லை. பேட்டரி நிறைந்திருந்தது, மறுநாள் மேகமூட்டத்திலும் பேனல்கள் இரண்டு யூனிட் கொடுத்தன. மின்சாரம் திரும்பியபோது பேட்டரியில் 18 சதவீதம் மீதம் இருந்தது. இன்சுலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. அக்கம்பக்கத்தார் பதினான்கு பேர் கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொண்டார்கள். இரண்டாம் நாள் மாலை அந்த அக்காவும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் தன் தம்பியோடு பேசினார். அதே புயலில் இரண்டு பேனல்களின் பிடிப்புகள் தளர்ந்து, காற்றில் கடகடவென்று அடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தில் இரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

ஆகவே என் மதிப்பெண்: பேனலுக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் சேர்த்து ஐந்துக்கு நான்கு, பொருத்திய சேவைக்கு இரண்டரை. இந்தக் கரையில் வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, தெருவில் மின்சாரம் இல்லாதபோது எது எது எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிக் கேளுங்கள். சட்டகத்தின் பூச்சு வகையையும் போல்ட்டின் தரத்தையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லி, பொருள் வந்திறங்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் பணம் குறைவென்றால் பேனலை இரண்டு கிலோவாட்டாகக் குறைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் மட்டும் முதல் நாளிலேயே ஹைபிரிட்டாக இருக்கட்டும், பேட்டரியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டகத்தை மாற்றித் தருவதற்கு நிறுவனம் சம்மதித்திருக்கிறது. குழாய்க்கான செலவு அவர்களுடையது, போல்ட்டுக்கான 6,000 ரூபாய் என்னுடையது. பிப்ரவரிக்குள் முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கச்சான் தொடங்குவதற்கு முன்பு முடிகிறதா என்று பார்த்துவிட்டு அந்த இரண்டரையைத் திருத்துவேன்.